பேய்க்கதையைக் காதால் கேட்டால் பயம் வருமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: அச்சில் த்ரில்லர் கிடைத்தால் விடிய விடிய உட்கார்ந்து முடித்துவிடுகிறீர்கள், அதே மாதிரிக் கதையை ஆடியோ புத்தகமாகப் போட்டால் மூன்றாம் அத்தியாயத்திலேயே யார் எவர் என்று குழம்பிவிடுகிறது. பேய்க்கதை கேட்டாலோ இடிச்சத்தத்தில் சிரிப்பு வருகிறது, இல்லாவிட்டால் தூக்கம் வருகிறது. தப்பு வாசிப்பவர் மேலா உங்கள் காது மேலா, கேட்கும்படியாக நாலு பெயர் சொல்லுங்கள் என்கிறீர்கள். நாலு பெயர் சொல்கிறேன். ஆனால் உங்கள் மனதில் இருக்கும் கேள்வி வேறு என்று எனக்குப் படுகிறது. காது வழியாகப் பயம் வருமா வராதா என்பதுதான் அது. அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பெயர்களை நீங்களே தேடிக்கொள்வீர்கள்.

பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களையும் கதைகளையும் 11 வருஷமாக வாசித்துப் பதிவு செய்து தருகிறேன். அதற்கும் முன்பிருந்தே ஆடியோ புத்தகம் கேட்கும் பழக்கம் உண்டு, பெரும்பாலும் ஆங்கிலத்தில், கொஞ்சம் தமிழில். மனநலம் படித்தவள் இல்லை, ஒலிப்பொறியியலும் படிக்கவில்லை. மைக் முன்னால் உட்கார்ந்து பழகியதும், கேட்டவர்கள் நேருக்கு நேர் சொன்ன குறைகளும்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தன. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பயம் வரும். பேய்க்கதைக்குக் கண்ணைவிடக் காதுதான் நல்ல வாசல். த்ரில்லருக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்து விற்பதால் ஒரே மாதிரி வேலை செய்யும் என்று நினைக்கிறோம், ஆனால் காதுக்கு வந்ததும் இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் போகின்றன. காரணம், கதையின் வேகம் யார் கையில் இருக்கிறது என்பது. மௌனமாகக் கதை படிக்கும்போது ஆங்கிலத்தில் ஒருவர் சராசரியாக நிமிஷத்துக்கு 250 சொல் போலப் போகிறார். வாசித்துப் பதிவு செய்பவர் 150, 160 சொல்தான் போவார். அதைவிட முக்கியம், படிக்கும்போது நாம் ஒரே வேகத்தில் படிப்பதில்லை. பரபரப்பான இடம் வந்தால் கண் ஓடும், பத்தியின் கடைசி வரியைத் திருட்டுத்தனமாகப் பார்த்துவிடும், நாயகன் பெயர் அடுத்த பக்கத்தில் இருக்கிறதா என்று புரட்டியும் பார்த்துவிடுவோம். த்ரில்லர் எழுதுகிறவர் அந்த ஓட்டத்தை நம்பித்தான் சின்னச் சின்ன அத்தியாயமாக எழுதுகிறார். காதுக்கு அந்த ஓட்டம் கிடையாது. வாசிப்பவர் எப்போது சொல்கிறாரோ அப்போதுதான் உங்களுக்குத் தெரியும். துரத்தல் காட்சியில் இது எரிச்சல். மாடிப்படியில் யாரோ ஏறிவரும் காட்சியில் இதுதான் பயமே.

ஒரு கதையை வைத்துச் சொல்கிறேன். டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902-இல் எழுதிய 'தி மங்கீஸ் பா', மூன்று வரம் தரும் குரங்குப் பாதத்தின் கதை. 120 வருஷம் தாண்டிய கதை என்பதால் முடிவைச் சொல்கிறேன், தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் அடுத்த பத்திக்குப் போய்விடுங்கள். இயந்திரத்தில் மாட்டிச் செத்துப்போன மகனை உயிரோடு திரும்பி வரச்சொல்லி அம்மா அப்பாவை வரம் கேட்க வைக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து வாசல் கதவு தட்டப்படுகிறது. முதலில் மெல்ல, அப்புறம் வீடே அதிரும்படி. அம்மா கீழே ஓடுகிறாள். சங்கிலி கழலும் சத்தம், கீழ்த் தாழ்ப்பாள் இறுக்கமாக இழுபடும் சத்தம், மேல் தாழ்ப்பாள் எட்டவில்லை என்று நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம். மாடியில் அப்பா இருட்டில் தரையைத் தடவிக் குரங்குப் பாதத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார், அந்தக் கதவு திறப்பதற்குள் மூன்றாவது வரத்தைக் கேட்டாக வேண்டும். கதவுக்கு வெளியே நிற்பது என்ன என்று கதை கடைசி வரை காட்டுவதில்லை. அந்தப் பக்கங்களில் கண்ணுக்கு என்று எதுவும் இல்லை, எல்லாமே ஓசை. அச்சில் படித்தால் அரை நிமிஷத்தில் முடிந்துவிடும் இடம். காதில் கேட்டால் அந்தத் தாழ்ப்பாள் எவ்வளவு நேரம் இழுபட வேண்டுமோ அவ்வளவு நேரம் இழுபடும்.

இந்தக் கதையைத் தமிழில் ஒரு கல்லூரி மாணவிக்காகப் பதிவு செய்தேன். தட்டும் இடத்தில் என்னால் முடிந்த அளவு குரலை நடுங்கவைத்து, மூச்சு வாங்கி, நன்றாக நடித்துவிட்டோம் என்ற திருப்தியோடு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அவள் போன் செய்தாள். "அக்கா, கதவு தட்டுற இடத்துல உங்க குரல் நடுங்குது. நீங்க பயப்படுறீங்கன்னு தெரிஞ்சுபோயிடுது. அப்புறம் நான் உங்களைத்தான் கேக்கறேன், கதவைக் கேக்கல" என்றாள். பத்து வருஷப் பயிற்சியில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாடம் அந்த ஒரு வரி. மறுபடி உட்கார்ந்து, ரேஷன் கடை வரிசையைப் பற்றிச் சொல்வது போலச் சாதாரணக் குரலில் வாசித்தேன், ஒவ்வொரு தட்டலுக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில் ஒரு மூச்சு அளவு இடைவெளி மட்டும் விட்டேன். இரண்டாவது பதிவைக் கேட்டுவிட்டு ராத்திரி விடுதியில் தண்ணீர் குடிக்க எழுந்து போகவில்லை என்றாள்.

அதனால் தப்பு வாசிப்பவர் மேலா என்றால், பெரும்பாலும் ஆமாம் என்பேன். பேய்க்கதை வாசிப்பவர் கேட்பவருக்கு முன்னால் பயந்துவிடக் கூடாது. ஹெட்போனில் கேட்கும்போது குரல் அறையில் எங்கோ இருந்து வருவதாகத் தோன்றாது, தலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். மைக்குக்கு மிக அருகில் மெல்லப் பேசினால் தோளுக்குப் பின்னால் ஒருவர் குனிந்து சொல்வது மாதிரியே இருக்கும். அவ்வளவு நெருக்கம் கையில் இருக்கும்போது கத்த வேண்டியதே இல்லை. கத்தினால் கேட்பவரின் கை வால்யூம் பட்டனுக்குப் போகும், கதையிலிருந்து வெளியே வந்துவிடுவார். பின்னணி இசைக்கும் இதே கதிதான். திடீரென்று ஒரு பெரிய சத்தம் போட்டால் யாரானாலும் திடுக்கிடுவார்கள், அது உடம்பின் அனிச்சை, அதற்குக் கதையே தேவையில்லை. திடுக்கிடுவது வேறு, பயப்படுவது வேறு. நீங்கள் சிரித்தது இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துச் செய்த பதிவைக் கேட்டுத்தான், உங்கள் காதில் ஒரு குறையும் இல்லை.

மௌனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு அது தெரிவதில்லை. பதிவில் ஒரு இடைவெளி வேண்டும் என்று அந்த இடத்தில் ஒலியை முழுசாக வெட்டிவிட்டால் கேட்பவருக்குப் பயம் வராது, போன் நின்றுபோய்விட்டதோ என்று எடுத்துப் பார்ப்பார். அதனால் வாசிக்கத் தொடங்கும் முன் பேசாமல் அரை நிமிஷம் வெறும் அறையைப் பதிவு செய்துவைப்போம். காலி அறைக்கும் ஒரு சன்னமான ஓசை உண்டு. இடைவெளிகளில் அதை ஒட்டுவோம். அப்போதுதான் வாசிப்பவர் இன்னும் அங்கேயே இருக்கிறார், ஆனால் பேசவில்லை என்று காது உணரும். 1938 அக்டோபர் 30 அன்று ஆர்சன் வெல்ஸ் அமெரிக்காவின் சிபிஎஸ் வானொலியில் செவ்வாய்க் கிரகவாசிகள் இறங்கிவிட்ட நாடகத்தை ஒலிபரப்பினார் இல்லையா, அதில் களத்திலிருந்து பேசிக்கொண்டிருக்கும் நிருபரின் குரல் பாதியில் அறுந்து சில விநாடி எதுவுமே கேட்காது. இன்றைக்குக் கேட்டாலும் எனக்கு அந்த இடம்தான் உறைக்கிறது. நாடு முழுக்க மக்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள் என்ற கதையை அப்படியே நம்ப வேண்டாம், பத்திரிகைகள் அதை ரொம்ப ஊதிவிட்டன என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இன்னொன்று, அது காதுக்கென்றே எழுதப்பட்ட நாடகம். ஆடியோ புத்தகம் கண்ணுக்கு எழுதியதைக் காதுக்குக் கொண்டுவருவது. வானொலி நாடகத்தின் சத்தங்களை எடுத்துப் புத்தக வாசிப்புக்குள் போட்டால் பொருந்தாமல் போவது அதனால்தான்.

இனி உங்கள் த்ரில்லர் குழப்பம். இதில் உங்கள் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது, கதையின் பக்கமும் இருக்கிறது. இந்த வகைக் கதைகளில் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் மேலே தேதியும் நேரமும் இருக்கும். 2015-இல் வந்த 'தி கேர்ள் ஆன் தி ட்ரெயின்' நாவலில் மூன்று பெண்கள் மாறி மாறிச் சொல்கிறார்கள், அதில் ஒருத்தியின் பகுதி மற்றவர்களுக்கு ஒரு வருஷம் முன்னால் தொடங்குகிறது. ஆடியோ பதிப்பில் மூன்று பேருக்கும் மூன்று நடிகைகள், கிளேர் கார்பெட், லூயிஸ் பிரீலி, இந்தியா ஃபிஷர். அதனால் யார் பேசுகிறாள் என்பது முதல் வரியிலேயே பிடிபட்டுவிடுகிறது, அந்த விதத்தில் அச்சைவிடவே தெளிவு. ஆனால் தேதி ஒரே தடவை காதில் விழுந்து போய்விடும். அச்சில் என்றால் ரெண்டு பக்கம் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம். நானே முதல் தடவை பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டு, வருஷத்தைத் தவறவிட்டு, கால்வாசிப் புத்தகம் தப்பான வரிசையில் புரிந்துகொண்டிருந்தேன். இப்போதெல்லாம் த்ரில்லர் தொடங்கும்போது முதல் அரை மணி நேரம் வேறு வேலை செய்வதில்லை, பெயர்களையும் தேதியையும் ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொள்வேன். அதற்கப்புறம் கதை தானாக ஓடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் கொலைகாரனின் குரல். நடுநடுவே சாய்வெழுத்தில் ஒரு அத்தியாயம் வரும், பெயர் சொல்லாமல் கொலைகாரனே பேசுவது. அச்சில் அந்தப் பக்கத்துக்குக் குரல் கிடையாது, ஆணா பெண்ணா கிழவரா என்று எதுவும் தெரியாது. வாசிப்பவர் வாயைத் திறந்த உடனே ஏதோ ஒன்று தெரிந்துவிடும். கதைக்குள் அந்த ஆள் பேசும் அதே தொனியில் வாசித்தால் மர்மம் அங்கேயே உடைந்துவிடும், வேறு குரலில் வாசித்தால் கடைசியில் ஏமாற்றிவிட்டார்கள் என்று தோன்றும், எல்லோரும் செய்வது போலக் கரகரப்பாகக் கிசுகிசுத்தால் கேலிக்கூத்தாகிவிடும். இதற்கு முழுத் தீர்வு என்று ஒன்றை நான் இதுவரை கேட்கவில்லை. தமிழில் இன்னும் கஷ்டம். ஆங்கிலத்தில் ஒரு உருவத்தை ஆண், பெண் சொல்லாமல் சில பக்கம் ஓட்டிவிடலாம், நமக்கு வினைமுற்றே வந்தான், வந்தாள் என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது, 'அந்த உருவம் நகர்ந்தது' என்று எத்தனை தடவைதான் எழுதுவது. துப்பறியும் கதைக்கும் ஒலிப்புத்தகத்துக்கும் உறவு என்னவோ ஆரம்பத்திலிருந்தே உண்டு. பிரிட்டனில் 1935-இல் பார்வையற்றவர்களுக்காகப் பேசும் புத்தகங்களை இசைத்தட்டில் கொண்டுவந்தபோது முதலில் வந்தவற்றில் ஒன்று அகதா கிறிஸ்டியின் ரோஜர் அக்ராய்ட் கொலைக் கதை. அதைப் படித்தவர்களுக்கு, குரலில் வாசிக்க அது எவ்வளவு கத்திமேல் நடக்கும் கதை என்று தெரியும். படிக்காதவர்களுக்காக இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஆராய்ச்சி ஏதாவது சொல்கிறதா என்று அடுத்து கேட்பீர்கள். கனடாவில் 2013-இல் வெளியான ஒரு ஆய்வில் மௌனமாகப் படிப்பவர்கள், சத்தமாக வாசிப்பவர்கள், பிறர் வாசிக்கக் கேட்பவர்கள் என்று மூன்று விதமாகப் பார்த்ததில், மனம் அதிகம் அலைபாய்ந்தது கேட்பவர்களுக்குத்தான். ஆகவே கதை விட்டுப்போகிறது என்று நீங்கள் சொல்வது உங்கள் ஒருவரின் குறை இல்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வு ஒன்று 2020-இல் அச்சாகியது. ஒரே காட்சியைப் படமாகப் பார்ப்பதைவிட ஆடியோவாகக் கேட்கும்போது இதயத்துடிப்பு கொஞ்சம் கூடுகிறது என்று அதில் கண்டார்கள், பார்த்தவர்களே படம்தான் தங்களை ஈர்த்தது என்று வாயால் சொல்லியும்கூட. ஆடியோதான் பயத்துக்கு உயர்ந்தது என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுபவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். ஒப்பிட்டது வீடியோவோடு, அச்சுப் புத்தகத்தோடு இல்லை. ஆடியோ புத்தகம் விற்கும் ஆடிபிளுக்கும் அந்த ஆய்வில் பங்கு உண்டு. துடிப்பு கூடியது பயத்தாலா, காட்சியை மனதுக்குள் தாமே கட்டிக்கொள்ளும் உழைப்பாலா என்பதும் அதிலிருந்து தீர்மானமாகச் சொல்லக்கூடியதில்லை. பேய்க்கதைக்குக் காது நல்லது என்று நான் சொன்னது என் அனுபவம், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்ப் பதிவுகள் ஏன் சப்பென்று இருக்கின்றன என்றும் ஒரு வரி போட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்து முக்கியக் காரணம் எழுத்துத் தமிழை வாசிக்கும் விதம். 'அவள் மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள்' என்பதை ஒவ்வொரு ஒற்றையும் அழுத்தி வாசித்தால் செய்தி அறிக்கை ஆகிவிடும். முழுசாகப் பேச்சுத் தமிழுக்கு மாற்றினால் எழுதியவரின் நடை போய்விடும். நடுவில் ஒரு குரல் இருக்கிறது, இலக்கணம் மாறாமல், பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது போல. அதைப் பிடிக்க எனக்கே நாலைந்து வருஷம் ஆனது. ஆனால் பயத்துக்கு நம் வாக்கிய அமைப்பு ஒரு வரம். வினை கடைசியில்தான் வரும். 'கதவுக்குப் பின்னால், அம்மாவின் பழைய புடவையில், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, யாரோ நின்றிருந்தார்கள்' என்று சொல்லும்போது கடைசி இரண்டு சொல் வரும்வரை கேட்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். வாசிப்பவர் அவசரப்படாமல், ஒவ்வொரு துண்டையும் ஒரே எடையில் வைத்துக்கொண்டு போனால் போதும். புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' இதற்கு அருமையான கதை. தூக்கம் வராத இரவில், தன் வீட்டுக்குள் நடந்ததை ஒருவர் தானே சொல்கிறார், வாசனையும் நாற்றமும்தான் முதலில் வருகின்றன, உருவம் அப்புறம்தான். அவர் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் பலரும் வாசித்துப் பதிவேற்றியிருக்கிறார்கள். இசை இல்லாத பதிவாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

பெயர்கள் கேட்டீர்கள். ஆங்கிலத்தில் ஸ்டீபன் கிங்கின் 'தி ஷைனிங்', கேம்ப்பெல் ஸ்காட் வாசித்தது, கிட்டத்தட்ட 16 மணி நேரம். உணர்ச்சியை அடக்கிய குரல், கதை நடக்கும் குளிர்ந்த ஓட்டலுக்கு அது அப்படியே பொருந்துகிறது. கிங்கின் 'இட்' நாவலை ஸ்டீவன் வெபர் வாசித்திருக்கிறார், சுமார் 45 மணி நேரம், ரொம்பவே நடித்து வாசிப்பார். பலருக்கு உயிர், எனக்குப் பாதிக்கு மேல் களைப்பாக இருந்தது. ஹென்றி ஜேம்ஸின் 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ' எம்மா தாம்ப்சன் குரலில் கேளுங்கள். கணப்பு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தவர்களுக்கு ஒருவர் கையெழுத்துப் பிரதியை வாசித்துக்காட்டுவதாகத்தான் கதையே தொடங்குகிறது, கேட்பதற்கென்றே அமைந்த சட்டகம். எம். ஆர். ஜேம்ஸின் பேய்க்கதைகளும் அப்படித்தான், கேம்பிரிட்ஜில் கிறிஸ்துமஸ் இரவுகளில் நண்பர்களுக்கு அவரே வாசித்துக்காட்டியவை.

'டிராகுலா'வை மட்டும் தனியாகச் சொல்ல ஆசை. 1897-இல் வந்த நாவல், நாட்குறிப்பும் கடிதமுமாகப் போகும், அதில் டாக்டர் சீவர்ட் தன் நாட்குறிப்பை எழுதுவதில்லை, ஃபோனோகிராஃப் உருளையில் பேசிப் பதிவு செய்கிறார். மீனா அதையெல்லாம் உட்கார்ந்து கேட்டுத் தட்டச்சு செய்கிறாள். செய்து முடித்துவிட்டு அவரிடம் சொல்வாள், இந்த இயந்திரம் கொடூரமான அளவுக்கு உண்மை பேசுகிறது, உங்கள் மனவேதனை முழுதும் அந்தக் குரலில் கேட்டது, உங்கள் நெஞ்சு துடிப்பதை என்னைப் போல இன்னொருவர் கேட்க வேண்டாம் என்றுதான் எழுத்தாக மாற்றிவிட்டேன் என்று. குரல் எவ்வளவு காட்டிக்கொடுக்கும் என்பதை அப்போதே ஒரு பேய்க்கதைக்குள் எழுதிவைத்திருக்கிறார்கள். பல நடிகர்கள் சேர்ந்து வாசித்த ஆடிபிள் பதிப்பு இருக்கிறது, டிராகுலாவை வேட்டையாடும் பேராசிரியர் வான் ஹெல்சிங்காக அதில் டிம் கரி. ஆளுக்கொரு நாட்குறிப்பு என்பதால் பல குரல் இந்தக் கதைக்கு உறுத்தவில்லை.

காசு செலவழிக்கும் முன் லிப்ரிவாக்ஸில் தொடங்குங்கள். 2005-இலிருந்து தன்னார்வலர்கள் பதிப்புரிமை முடிந்த புத்தகங்களை வாசித்து இலவசமாகப் போடும் தளம். தரம் ஏறி இறங்கி இருக்கும், ஆனால் ஒரே கதைக்கு நாலைந்து பேர் வாசித்த பதிவு கிடைக்கும், அதுதான் உங்களுக்கு வேண்டியது. ஒரே கதையின் முதல் இரண்டு நிமிஷத்தை மூன்று பேர் குரலில் அடுத்தடுத்துக் கேளுங்கள், எந்தக் குரல் உங்களுக்கு ஒத்துவருகிறது என்று பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். பேய்க்கதைக்கு வேகத்தைக் கூட்டாதீர்கள், 1.25 வைத்தால்கூட நான் சொன்ன இடைவெளிகள் செத்துவிடும். த்ரில்லருக்குத் தாராளமாகக் கூட்டலாம், என் மாணவர்கள் இரண்டு மடங்கில் கேட்டும் ஒரு வரி விடாமல் சொல்கிறார்கள். தூக்கம் வருவதற்கு மட்டும் எளிய பதில், படுத்துக்கொண்டு கேட்காதீர்கள். விளக்கை அணைத்துவிட்டு, நாற்காலியில், முதுகு கதவுப் பக்கம் இருக்கும்படி உட்காருங்கள். முதலில் அந்தக் குரங்குப் பாதத்தைக் கேளுங்கள், அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கேட்டுவிட்டு எந்த இடத்தில் உடம்பு சிலிர்த்தது, எந்த இடத்தில் கவனம் போனது என்று இங்கேயே எழுதுங்கள், அதை வைத்து அடுத்தது எது என்று சொல்கிறேன்.